ஒன்ராறியோவில் கம்போசிட் டெக் போடுவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி உருகிப் பின்வளவில் புல் தலைகாட்டியதும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவிலிருந்து ஏஜாக்ஸ் வரை, டெக், அதாவது வீட்டுக்குப் பின்னால் உயர்த்திப் போடும் பலகைத்தளம், அடிக்கும் வேலைதான் பல வருடங்களாக எனக்குச் சோறு போடுகிறது. அழைப்பவர்களில் பலர் நம்மவர்கள். அநேகமாக எல்லோரும் பலகையின் நிறத்திலிருந்தே பேச்சைத் தொடங்குவார்கள். நான் நிலத்துக்குக் கீழே நான்கு அடியிலிருந்து தொடங்குவேன். அதனால் முதல் ஐந்து நிமிடம் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் அளவுகள் தெற்கு ஒன்ராறியோவுக்கானவை. ஒட்டாவா, சட்பரி, வின்னிபெக் பக்கம் இருப்பவர்கள் தங்கள் நகரசபையிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்போசிட் என்பது மரமா, பிளாஸ்டிக்கா?

இரண்டும் கலந்தது. மரத்தூளையும் பொலித்தீனையும் சேர்த்துச் சூடாக்கிப் பிசைந்து, இடியப்ப உரலில் மாவைப் பிழிவதுபோல அச்சுத் துளை வழியே பலகையாகத் தள்ளி எடுக்கிறார்கள். அந்தப் பொலித்தீனில் பெரும்பங்கு பழைய கடைப் பைகளும் பொதி சுற்றும் உறைகளும். ட்ரெக்ஸ் என்ற பலகைக் கொம்பனி தன் பலகையில் ஏறத்தாழ 95 வீதம் மீட்டெடுத்த பொருள் என்று சொல்கிறது.

1990களில் வந்த முதல் தலைமுறைப் பலகைகளுக்கு மேலே எந்த உறையும் இருக்கவில்லை. உள்ளே இருந்த மரத்தூள் ஈரத்தை உறிஞ்சியது, ஊதியது, கறுப்புப் புள்ளி விழுந்தது, இரண்டு கோடையில் நிறம் வெளிறியது. "கம்போசிட்டா, என் மச்சான் வீட்டில் போட்டுப் பழுதாய்ப் போச்சே" என்று யாராவது சொன்னால், அது எந்த வருடம் போட்டது என்றுதான் முதலில் கேட்பேன். ஏறத்தாழ 2010இலிருந்து நல்ல பலகைகள் எல்லாம் மெல்லிய, கெட்டியான பிளாஸ்டிக் உறையோடு வருகின்றன. இன்றைக்கும் உறையில்லாத மலிவுப் பலகை எங்காவது கிடைக்கலாம். குளிர்நாட்டில் அதை வாங்க வேண்டாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. மரத்தூளே இல்லாத முழு பி.வி.சி. பலகை. கடைகளில் அதையும் கம்போசிட் தட்டில்தான் அடுக்கியிருப்பார்கள். விலைச்சீட்டைப் பார்க்கும்போது எது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் குளிருக்குப் பலகை வெடித்துவிடாதா?

குளிர் மட்டும் என்றால் பயமில்லை. ஜனவரி முழுக்க மைனஸ் 20 பாகையில் அப்படியே நின்றால் பலகைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இங்கே சேதம் செய்வது உருகி உறையும் விளையாட்டு. பகலில் மைனஸுக்கு மேலே ஏறிப் பனி உருகுகிறது; தண்ணீர் கிடைத்த இடுக்கிலெல்லாம் இறங்குகிறது; இரவில் உறைகிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது கனஅளவு ஏறத்தாழ 9 வீதம் கூடும். ஒரு குளிர்காலத்தில் இது எத்தனையோ தடவை நடக்கும். சாதாரண மரத்தில் மயிரிழை வெடிப்பு விரல்நுனி நுழையும் வெடிப்பாக வளர்வது இப்படித்தான்.

உறையிட்ட கம்போசிட் மிகக் குறைந்த ஈரத்தையே உள்ளே விடும். அதனால் மரத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் நாங்கள் வாளால் அறுத்த முனையிலும் திருகாணி போட்ட துளையிலும் உறை இல்லை. அந்த இடங்களில் தண்ணீர் தேங்காமல் ஓட வழி இருக்க வேண்டும். முனையை இன்னொரு பலகையோடு இடைவெளியில்லாமல் ஒட்ட வைத்தால் அங்கே தண்ணீர் நிற்கும்.

உறை மூன்று பக்கமா, நான்கு பக்கமா?

ட்ரெக்ஸ் பலகைகளில் மேலும் இரு ஓரமும் மூடியிருக்கும், அடிப்பக்கம் திறந்திருக்கும். ஃபைபரான், டிம்பர்டெக் ஆகிய கொம்பனிகளின் சில வரிசைகளில் நான்கு பக்கமும் மூடியிருக்கும். அடி திறந்திருந்தால் ஈரம் காய வழி உண்டு என்று ஒரு தரப்பு சொல்லும். மூடியிருந்தால் ஈரம் ஏறவே ஏறாது என்று மற்றத் தரப்பு சொல்லும்.

என் முடிவு டெக்கின் உயரத்தைப் பொறுத்தது. நிலத்திலிருந்து மூன்று நான்கு அடி உயர்ந்து, கீழே காற்று நன்றாக ஓடுகிற டெக் என்றால் மூன்று பக்க உறையே போதும். மண்ணோடு ஒட்டித் தாழ்ந்து, வீட்டின் வடக்கு நிழலில் கிடக்கும் டெக் என்றால் நான்கு பக்கமும் மூடியது அல்லது பி.வி.சி. பலகை வேண்டும். அடிப்பக்கம் தோண்டியெடுத்தது போல நெளிந்திருக்கும் மலிவு வரிசைப் பலகைகளும் உண்டு. பாரம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் அறுத்த முனை வெளியே தெரிந்தால் அழகாக இராது. ஓரத்தைச் சுற்றிச் சட்டப்பலகை போட்டு மறைக்க வேண்டும்.

அப்படியென்றால் பி.வி.சி.தானே குளிருக்குச் சிறந்தது?

ஈரத்துக்குச் சிறந்தது. உள்ளே மரம் இல்லாததால் ஊதாது, உக்காது. தூக்கவும் இலகு. ஆனால் சூடு குளிருக்கு நீண்டு சுருங்குவது கம்போசிட்டைவிட அதிகம். 16 அடிப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி இரவில் மைனஸ் 20, ஜூலை வெயிலில் பலகையின் மேற்பரப்பு 50 என்று வையுங்கள். 70 பாகை வித்தியாசம். கம்போசிட் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் நீளும். பி.வி.சி. ஒன்றரை சென்ரிமீற்றரைத் தாண்டும். அதே நீள மரப்பலகையில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது.

கடுங்குளிரில் பி.வி.சி. கொஞ்சம் நொறுங்கும் தன்மைக்குப் போகும். சும்மா நடப்பதால் ஒன்றும் ஆகாது. மேல்மாடிக் கூரையிலிருந்து பனிக்கட்டி ஈட்டி ஒன்று விழுந்தாலோ, உறைந்த பனியை இரும்பால் குத்தினாலோ ஓரம் தெறிக்கலாம்.

எத்தனை இடைவெளி விட வேண்டும்?

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் தானாகக் கேட்பதில்லை. நானே கேட்கவைத்துத்தான் பதில் சொல்வேன். குளிர்நாட்டு டெக் நன்றாக அமைவதும் கெடுவதும் இந்த ஓரிரு மில்லிமீற்றரில்தான்.

ஒவ்வொரு கொம்பனியின் கையேட்டிலும் ஒரு அட்டவணை இருக்கும். பலகை போடும் நாளின் வெப்பநிலை என்ன, அதற்கு முனைக்கு முனை எத்தனை இடைவெளி என்று. உதாரணத்துக்கு, ட்ரெக்ஸ் ஏறத்தாழ 4 பாகைக்கு மேலே என்றால் முனைகளுக்கு நடுவே 3 மி.மீ., அதற்குக் கீழே என்றால் 5 மி.மீ. விடச் சொல்கிறது. காரணம் எளிது. குளிர்நாளில் பலகை சுருங்கியிருக்கிறது. கோடையில் அது நீளும்போது போக இடம் வேண்டும். வெயில்நாளில் போட்டால் பலகை ஏற்கெனவே நீண்டிருக்கிறது. இனிச் சுருங்கத்தான் போகிறது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் நவம்பர் கடைசியில் ஒரு டெக்கை முடித்தோம். கை விறைக்கிற குளிர். எப்படியாவது முடித்துவிட்டுப் போவோம் என்று முனைகளை நெருக்கி வைத்துப் பூட்டினோம். சுற்றுச் சட்டப்பலகையின் நான்கு மூலையும் கத்தியால் வெட்டிய வெண்ணெய்போலப் பொருந்தியிருந்தன. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், எனக்குப் பெருமை. அடுத்த ஜூலையில் அவர் கூப்பிட்டார். நீண்ட பலகைகள் சட்டப்பலகையை வெளியே தள்ளி, மூலை இரண்டு பிளந்திருந்தன. அவருடைய குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் இருந்தது. கழற்றி, அறுத்து, திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து வெப்பமானி இல்லாமல் நான் பலகை போடுவதில்லை.

பலகைக்கும் பலகைக்கும் பக்கவாட்டில் ஏறத்தாழ 6 மி.மீ. விடுவார்கள். திருகாணி வெளியே தெரியாமல் பலகையைப் பூட்டும் மறைவுக் கிளிப் போட்டால் அந்த இடைவெளி தானாக அமைந்துவிடும். வீட்டுச் சுவரோடு முட்டும் இடத்திலும் கட்டாயம் இடைவெளி வேண்டும். தண்ணீரும் உருகும் பனியும் இறங்குவதற்கான வழி அது. மேப்பிள் இலையும் பைன் ஊசியும் அந்த இடுக்கை அடைத்துவிடும். ஒக்டோபர் கடைசியில் ஒரு மெல்லிய தகட்டால் கிளறிவிடுவது ஐந்து நிமிட வேலை.

பலகைக்கு 50 வருட உத்தரவாதம் என்கிறார்கள். டெக்கும் 50 வருடம் நிற்குமா?

பலகை நிற்கலாம். டெக் நிற்குமா என்பது வேறு கேள்வி.

கம்போசிட் பலகை பாரம் தாங்கும் பொருள் இல்லை. அது தரை மட்டும். அதைத் தாங்குவது கீழே இருக்கும் மரச்சட்டம். அதாவது உக்காமல் இருக்க மருந்தூட்டிய மரத்தில் செய்த தூண், பீம், பலகைக்கு நேர் அடியில் வரிசையாக ஓடும் ஜோயிஸ்ட். அவற்றைத் தாங்குவது கொங்கிறீற் அடித்தளம். மேலே 50 வருடப் பலகையும் கீழே 15 வருடச் சட்டமும் என்றால், அந்த டெக்கின் ஆயுள் 15 வருடம்.

அடித்தளத்திலிருந்து வருகிறேன். குளிர்காலத்தில் நிலம் மேலிருந்து கீழாக உறைகிறது. ஈரமான களிமண்ணில் உறையும்போது கீழிருக்கும் தண்ணீர் மேலே இழுபட்டு, பனித்தட்டுக்களாகத் தடித்து, மண்ணையே மேலே தூக்கும். அதோடு சேர்ந்து உங்கள் தூணும் எழும்பும். வசந்தத்தில் மண் இறங்கும். தூண் அதே அளவு இறங்காது. ஒரு மூலை இரண்டு சென்ரிமீற்றர் உயர்ந்தால் கைப்பிடி சாயும், கதவு உரசும், பலகை முனைகள் விலகும். ரொறன்ரோப் பகுதியில் இதற்காகத்தான் 1.2 மீற்றர், அதாவது நான்கு அடி ஆழம் கேட்கிறார்கள். வடக்கே போகப் போக இன்னும் ஆழம். குழியில் வழுவழுப்பான கடதாசிக் குழாய் இறக்கி அதற்குள் கொங்கிறீற் ஊற்றுவதும் வீண் செலவில்லை. கரடுமுரடான பக்கமாக இருந்தால் உறைந்த மண் அதைக் கவ்விப் பிடித்துத் தூக்கும். இப்போது பலர் ஹெலிக்கல் பைல் என்ற திருகுவடிவ இரும்புத் தூணை இயந்திரத்தால் திருகி இறக்குகிறார்கள். மண் தோண்டத் தேவையில்லை, கொங்கிறீற் இறுகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒடுக்கமான பின்வளவுக்கு நல்லது.

வீட்டோடு இணைக்காத, மிகத் தாழ்ந்த சிறு டெக்கை நிலத்தின் மேல் வைக்கும் சீமெந்துக் கட்டிகளில் உட்காரவைக்க விதியில் இடமுண்டு. அது ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் ஆடும். மரப்பலகை அந்த ஆட்டத்தோடு ஒத்துப்போகும். விலை கொடுத்து வாங்கிய கம்போசிட்டை அதன் மேல் போட நான் உடன்படுவதில்லை.

ஜோயிஸ்டுகளுக்கு நடுவே 16 அங்குலம் என்பதுதான் பெரும்பாலான பலகைகளுக்கு உச்ச அளவு. பலகையை மூலைவாக்கில் 45 பாகையில் போட்டால் 12 அங்குலம். நேராகப் போட்டாலும் நான் 12 அங்குலம்தான் வைக்கிறேன். வெயிலில் கம்போசிட் இளகும். 16இல் நடக்கும்போது காலடியில் சற்றுத் துவளும். நான்கைந்து ஜோயிஸ்ட் கூடுதலாக வாங்குவது மொத்தச் செலவில் சிறிய தொகை. படிக்கட்டில் இன்னும் நெருக்கம் வேண்டும். பழைய மரப்படியைக் கழற்றிவிட்டு அதே தாங்கிகளில் கம்போசிட்டைப் பூட்டினால் படி நடுவில் பள்ளம் விழும்.

ஜோயிஸ்டின் மேல் முதுகில் பியூட்டைல் நாடா என்ற ஒட்டும் ரப்பர் நாடாவை ஒட்டச் சொல்லுங்கள். திருகாணி இறங்கும் துளை வழியாகத்தான் தண்ணீர் மரத்துக்குள் போகிறது. அந்த நாடா திருகாணியைச் சுற்றி இறுகிக்கொள்ளும். மருந்தூட்டிய மரத்தில் செம்பு இருப்பதால் சாதாரண இரும்பாணி சீக்கிரம் அரிக்கும். சூட்டில் தோய்த்த நாகப்பூச்சு அல்லது துருப்பிடியா எஃகுதான் போட வேண்டும். இவை இரண்டும் வேலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே சிலர் விட்டுவிடுகிறார்கள்.

டெக்கை வீட்டுச் சுவரோடு பூட்டலாமா?

ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளில் வெளியே தெரியும் செங்கல் பாரம் தாங்கும் சுவரே இல்லை. உள்ளே மரச்சுவர், அதற்கு முன்னால் ஒரு அங்குலம் காற்றுவெளி விட்டு நிற்கும் செங்கல் முகப்பு. அதில் டெக்கைத் தொங்கவிடுவது ஆபத்து. பொறியியலாளர் வரைபடம் இல்லாமல் நகரசபை அதை ஒத்துக்கொள்ளாது. வீட்டுப் பக்கமும் ஒரு பீமும் தூணும் போட்டு, டெக்கைத் தன் காலில் நிற்கவிடுவதே என் வழக்கம். செங்கல்லுக்குத் துளை போடாத வீட்டில் சுவருக்குள் தண்ணீர் இறங்கும் பயமும் இல்லை.

பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு பலகையை மட்டும் மாற்ற முடியாதா?

சில வேளை முடியும். ஒரு திருகுகோலை எடுத்து ஜோயிஸ்டின் மேல் முதுகிலும், தூணின் அடியிலும், வீட்டோடு சேரும் இடத்திலும் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே இறங்கினால் பேச்சுக்கு இடமில்லை. உறுதியாக இருந்தாலும் ஜோயிஸ்ட் இடைவெளி 24 அங்குலமாக இருந்தால் நடுவே புதிது சேர்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் தாண்டிய சட்டத்தின் மேல் புதுக் கம்போசிட்டைப் போடச் சொன்னால் நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

நகரசபையின் பெர்மிட் தேவையா?

நிலத்திலிருந்து 60 செ.மீ.க்கு மேல் உயரும் டெக்குக்குத் தேவை. வீட்டோடு இணைத்தால் உயரம் எதுவானாலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே 60 செ.மீ.க்கு மேலே கைப்பிடி வேலியும் கட்டாயம். டெக்கின் உயரம் 1.8 மீற்றர் வரை என்றால் வேலி 90 செ.மீ., அதற்கு மேல் என்றால் 107 செ.மீ. கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ. உருண்டை நுழையக் கூடாது. அது ஒரு குழந்தையின் தலை அளவை மனதில் வைத்து எழுதிய விதி.

குழி தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் சேவையை அழைக்க வேண்டும். எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் கம்பிகள் எங்கே போகின்றன என்று வந்து நிறக்குறி போட்டுவிட்டுப் போவார்கள். இலவசம். சட்டப்படி கட்டாயமும்கூட. பக்கத்து வீட்டில் தோண்டும்போது ஒன்றும் இருக்கவில்லை என்ற சமாதானத்தை நம்பி மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

பனியின் பாரத்துக்கு டெக் உடையாதா? தள்ள வேண்டுமா?

விதிப்படி கட்டிய டெக் குறைந்தது 1.9 கிலோபாஸ்கல் தாங்கும். சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 190 கிலோ. பனிப்பொழிவு அதிகமான ஊர்களில் அதற்கேற்ப இந்த அளவு கூடும். புதிதாக விழுந்த பஞ்சுப்பனி கன மீற்றருக்கு 100 கிலோகூட இராது. வாரக்கணக்கில் கிடந்து இறுகிய பனி 300 கிலோவைத் தொடும். அந்த இறுகிய பனியே இரண்டு அடி உயரம் படிந்தால்தான் எல்லையை நெருங்குகிறது. ஆகவே சாதாரண வருடத்தில் சட்டத்துக்காகத் தள்ளத் தேவையில்லை. வழிக்காகவும் கதவுக்காகவும் தள்ளினால் போதும். கூரைப்பனி சறுக்கி டெக்கில் குவியும் வீடுகளில் மட்டும் கவனம் வேண்டும். டெக் பழையது, சட்டம் எப்படியிருக்கிறது என்று தெரியாது என்றால் இந்தக் கணக்கை நம்பி இருக்க வேண்டாம்.

தள்ளுவதற்கு முழுப் பிளாஸ்டிக் சவள் எடுங்கள். முனையில் இரும்புப்பட்டி இருந்தால் உறையில் கீறல் விழும். கம்போசிட்டில் விழுந்த கீறலைத் தேய்த்து அழிக்க முடியாது. பலகையின் நீளவாக்கில் தள்ளுங்கள். குறுக்கே தள்ளினால் ஒவ்வொரு விளிம்பிலும் சவள் முட்டும். அடியில் ஒட்டிய பனிக்கட்டியை அலவாங்கால் குத்த வேண்டாம். கல்சியம் குளோரைட் அல்லது கல்லுப்புத் தூவலாம், பலகைக்குச் சேதமில்லை. முதல் வெதுவெதுப்பான நாளில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். உப்புப் படிவு வெள்ளையாகத் தெரியும், கீழே இருக்கும் இரும்பையும் புல்லையும் கெடுக்கும். நிறம் சேர்த்த உருக்கி வேண்டாம், கறை பிடிக்கும். மணல் தூவினால் மிதிக்கும்போது அரத்தாள்போல உறையைத் தேய்க்கும்.

கதவு மட்டத்துக்கே டெக்கை உயர்த்திவிடலாமா? அம்மாவுக்குப் படி இறங்கக் கஷ்டம்.

இந்தக் கேள்வி எனக்கு நன்றாக விளங்கும். நம் வீடுகளில் வயதானவர்கள் இருக்கிறார்கள். கோடையில் அந்த ஐந்து மாதம்தான் அவர்களுக்கு வெளியில் வந்து வெயிலில் இருக்கக் கிடைக்கிறது. ஆனால் கதவு நிலையோடு சமமாக டெக் இருந்தால், குவியும் பனி கண்ணாடிக் கதவில் சாய்ந்து, உருகி, நிலைக்குள் இறங்கும். சறுக்குக்கதவின் தடம் உறைந்து திறக்காமல்கூடப் போகும். 15 செ.மீ. அளவு தாழ்த்தி ஒரே ஒரு படியாக வைத்து, கதவோரம் சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று போடச் சொல்வேன். சக்கர நாற்காலிக்காகச் சமமட்டம் வேண்டுமென்றால் கதவுக்கு மேலே சிறு கூரையும், கதவடியில் தண்ணீர் வடியும் இரும்புச் சல்லடையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். செலவாகும், ஆனால் செய்யலாம்.

வழுக்குமா?

பனி உறைந்தால் எல்லாம் வழுக்கும். மரமும் வழுக்கும், கம்போசிட்டும் வழுக்கும். ஆழமான மரரேகை அழுத்திய பலகை ஈரத்தில் கொஞ்சம் பிடிப்புக் கொடுக்கும். மகரந்தமும் தூசியும் படிந்து, அதில் பாசி வளர்ந்தால்தான் அதிகம் வழுக்கும். வசந்தத்தில் ஒருமுறை, இலைகொட்டி முடிந்தபின் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும்.

வறண்ட குளிர்நாளில் டெக்கில் நடந்துவிட்டு இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று மின் அடிக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, அது பிளாஸ்டிக்கின் இயல்பு.

குளிர் நாடுதானே, கறுப்பு நிறம் எடுக்கலாமா?

பனியைச் சீக்கிரம் உருக்கும் என்று நினைத்துக் கடும்பழுப்பும் கரிநிறமும் கேட்கிறார்கள். ஆனால் நீங்கள் டெக்கில் இருக்கப்போவது ஜூலையில். தெற்கு, மேற்குப் பார்த்த டெக்கில் கரும்பலகை வெறுங்காலைச் சுடும். நம் பிள்ளைகள் செருப்பில்லாமல்தான் ஓடுவார்கள். சாம்பல், மணல் நிறங்கள் எடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. குளிர்நாட்டு வீடுகளில் வெப்பத்தை உள்ளேயே வைத்திருக்கும் பூச்சுப் பூசிய இரட்டைக் கண்ணாடி யன்னல்கள் இருக்கின்றன. அந்தக் கண்ணாடி சிறிது வளைந்தால் குழியாடிபோல வெயிலைக் குவித்து எறியும். அந்த ஒளிப்பட்டை விழும் இடத்தில் கம்போசிட் இளகி நெளியும், பி.வி.சி.யும் அப்படியே. பெரும்பாலான உத்தரவாதங்கள் இதை ஏற்பதில்லை. பின்வளவில் மாலை வெயில் நேரம் நின்று, தரையில் கூசும் ஒளிக்கோடு எங்காவது விழுகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு யன்னலிலிருந்தும் வரலாம். இருந்தால் யன்னலுக்கு வெளியே வலைத்திரை போட்டால் போதும்.

மஞ்சள் கறை போகுமா?

நம்மவர்கள் மட்டும் கேட்கும் கேள்வி இது. சரியான கேள்வியும்கூட. வீட்டுக்குள் மணக்கும் என்று மீன் பொரிப்பதும், ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சுவதும் பலர் வீட்டில் டெக்கில்தான்.

உறையிட்ட பலகையில் கொட்டியதை உடனே துடைத்தால் எண்ணெயும் குழம்பும் போய்விடும். நாள்கணக்கில் விட்டால் உத்தரவாதமும் கைகொடுக்காது. மஞ்சளின் நிறம் மட்டும் கொஞ்சம் தங்கலாம். ஆனால் அது வெயிலில் தானாக மங்கும். சேலையில் பட்ட மஞ்சளை வெயிலில் காயவைத்து எடுப்பது நம் வீடுகளில் தெரிந்த சங்கதிதானே. அடுப்பு வைக்கும் இடத்தில் தீத்தாங்கும் விரிப்புப் போடுங்கள். எரியும் கரித்துண்டு விழுந்தால் குழி விழும், அதைச் சரிசெய்ய முடியாது.

ரப்பர் அடி கொண்ட விரிப்பை மாதக்கணக்கில் போட்டுவைக்க வேண்டாம். அதன் அடியில் பலகை நிறம் மாறும். கறிவேப்பிலைச் சாடி வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். மே கடைசியில் வீட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்து செப்டம்பர் வரை ஒரே இடத்தில் வைத்தால் அடியில் ஈர வட்டம் பிடித்துவிடும். சாடிக்கு மூன்று சிறு கால்கள் வைத்துத் தூக்கிவிடுங்கள். காற்று ஓடட்டும்.

மரத்தைவிட எவ்வளவு அதிகம்? அவ்வளவு கொடுக்கலாமா?

பலகையை மட்டும் எடுத்தால் மருந்தூட்டிய மரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு. மேல்தர வரிசை அதற்கும் மேலே. சட்டம், அடித்தளம், கூலி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மொத்தச் செலவில் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு பயங்கரமாகத் தெரியாது. மரத்துக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பூச்சு வேண்டும். அந்த வேலையை நீங்கள் உண்மையில் செய்வீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

நான்கைந்து வருடத்தில் வீடு மாறும் எண்ணம் இருந்தால் நல்ல மரமே போதும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். கையில் இருக்கும் பணம் குறைவு, ஆனால் இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறோம் என்றால் என் யோசனை வேறு: அடித்தளத்தையும் சட்டத்தையும் கம்போசிட்டுக்கு ஏற்ற அளவில், 12 அங்குல இடைவெளியில் கட்டுங்கள். மேலே இப்போதைக்கு மரப்பலகை போடுங்கள். பின்னொரு நாள் பலகையை மட்டும் மாற்றலாம்.

உத்தரவாதப் பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வருட எண்ணிக்கை 25இலிருந்து 50 வரை வரிசைக்கு வரிசை மாறும். அதைவிட முக்கியமான மூன்று வரிகள் உள்ளே இருக்கும். பழுதான பலகைக்குப் புதுப்பலகை மட்டும் தருவார்களா, கழற்றிப் பூட்டும் கூலியும் தருவார்களா? வருடம் போகப் போக ஈட்டுத்தொகை குறையுமா? வீட்டை விற்றால் வாங்குபவருக்கு மாறுமா? கையேட்டுக்கு மாறாக இடைவெளி விட்டிருந்தால் எல்லாமே செல்லாது. அதனால் பலகை போடும்போது, ஜோயிஸ்ட் தெரியும் நிலையிலும் இடைவெளி தெரியும் நிலையிலும் திகதியோடு படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

எத்தனை அடி ஆழம் தோண்டுவீர்கள், ஜோயிஸ்ட் இடைவெளி என்ன, நாடா ஒட்டுவீர்களா, எந்தத் திருகாணி, பெர்மிட் யார் எடுப்பது. இவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஒன்ராறியோவின் வேலையிடக் காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் சான்றிதழ் கேளுங்கள், உங்கள் வளவில் ஒருவர் விழுந்து அடிபட்டால் அது தேவைப்படும். பலகைக்குக் கனடியக் கட்டுமானப் பொருள் மையத்தின், அதாவது சி.சி.எம்.சி.யின், மதிப்பீட்டு இலக்கம் உண்டா என்றும் கேளுங்கள். பரிசோதகர் கேட்கக்கூடும்.

முற்பணம் சிறிதாக இருக்கட்டும். முழுப் பலகைக்கும் முன்கூட்டியே காசு கேட்டால், பலகை உங்கள் வளவில் இறங்கிய பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் இரத்துச் செய்யும் உரிமை ஒன்ராறியோச் சட்டத்தில் உண்டு. தமிழர் என்பதற்காக எழுத்தில்லாமல் நம்ப வேண்டாம். என்னையும் அப்படி நம்ப வேண்டாம். எழுத்து இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

கடைசியாக, எந்தக் கொம்பனி?

பெயர்பெற்ற நான்கைந்து கொம்பனிகளின் நடுத்தர வரிசைகளுக்குள் பெரிய வித்தியாசம் நான் காணவில்லை. உங்கள் பக்கத்துக் கடையில் எந்தப் பலகை எப்போதும் இருப்பில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஐந்து வருடத்தில் ஒரு பலகை மாற்ற வேண்டிவந்தால் அது உதவும்.

ஒக்டோபரிலேயே கடைக்குப் போய் மூன்று நான்கு மாதிரித் துண்டுகள் வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வெயிலிலும் பாதி நிழலிலுமாகப் பின்வளவில் போட்டுவிடுங்கள். பனி அவற்றை மூடட்டும். ஜனவரியில் ஒருமுறை சவளால் தள்ளிப் பாருங்கள், ஒரு துளி குழம்பைத் தேய்த்துப் பாருங்கள், ஈரமாக இருக்கும்போது மிதித்துப் பாருங்கள். ஏப்ரலில் எடுத்துக் கழுவி, அறுத்த முனை ஊதியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிறத்தைச் சொல்லுங்கள். நான் அதற்குள் நிலத்தை வந்து பார்த்திருப்பேன்.